பனிக்கட்டியும் எங்கள் கிணற்றுப் பாறையும்

போன மாதம் ஒரு ராத்திரி வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. உறைந்த ஆற்றின் மேல் கிடக்கும் பனிக்கட்டித் தகட்டை வெடி வைத்தால் அது எப்படி உடையும் என்று கணினியில் கணக்குப் போட்டு வரைந்த படம். நடுவில் பொடியாகிப்போன ஒரு வட்டம். அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி எல்லாப் பக்கமும் ஓடும் விரிசல்கள். கொஞ்சம் தள்ளி, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வளையமாக இன்னும் சில.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், காங்கயம் பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றின் அடியில். வெடி வைத்து, கல்லெல்லாம் அள்ளிய பிறகு, தரைப் பாறையில் குழி போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாக நொறுங்கிய ஒரு வட்டமும், அதிலிருந்து கிளம்பும் கீறல்களும் இருக்கும். அதே படம்தான்.

எங்கள் பக்கம் பனிக்கட்டி என்றால் ஐஸ் பேக்டரியில் மட்டும்தான். மலைமேல் அவலாஞ்சி என்று ஓர் ஊர் இருக்கிறது; பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்தான். ஆனால் அங்கே சரிந்தது பனி இல்லை, மண். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு பெரிய நிலச்சரிவால் வந்த பெயர். ஆக, பனிக்கட்டியை வெடி வைத்து உடைக்கும் கணக்குக்கும் கோயமுத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் பாறை வழியாக வருகிறது. பாறையும் பனிக்கட்டியும் வெடிக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரே விதமாக நடந்துகொள்கின்றன. அந்த நடத்தையை எங்கள் பக்கத்துக் கிணறு வெட்டும் ஆட்கள் கையால் தெரிந்து வைத்திருந்தார்கள். விஞ்ஞானம் அதை அளந்தது 1914-ல். கணினி அதைப் போலச் செய்யக் கற்றது இன்னும் பிந்தி. அந்தக் கதையைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

கிணறு வெட்டுவது ஒரு தடவை வேலை இல்லை

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு சமவெளி மழை மறைவுப் பகுதி. ஆண்டு மழை பல இடங்களில் 600, 700 மில்லிமீட்டர்தான். மேல் மண் சில அடி. அதற்குக் கீழே கெட்டியான உருமாற்றப் பாறை. நொய்யலும் அமராவதியும் எல்லா நிலத்துக்கும் எட்டாது. அதனால் இங்கே விவசாயம் என்றாலே கிணறு. 1800-ல் இந்தப் பக்கம் பயணம் வந்த பிரான்சிஸ் புக்கானன் கிணற்றுப் பாசனத் தோட்டங்களைப் பற்றிக் குறிப்பெழுதினார். 1887-ல் வெளியான நிக்கல்சனின் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டிலும் கிணறுகளுக்குப் பெரிய இடம் உண்டு. காளைகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். அதுதான் கவலை. எங்கள் அப்பாரு காலம் வரைக்கும் அதுதான் பாசனம்.

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்களோடு சேர்ந்து மெல்ல மெல்லத் தோட்டத்துக்கும் மோட்டார் வந்தது. கவலை ஒரு நாளில் இறைத்த தண்ணீரை மோட்டார் கொஞ்ச நேரத்தில் இறைத்துவிடும். நீர்மட்டம் இறங்கியது. இறங்க இறங்கக் கிணற்றை ஆழப்படுத்த வேண்டும். ஆழத்தில் இருப்பது பாறை. ஆகவே வெடி. ஒரு கிணறு என்பது ஒருமுறை வெட்டி முடிப்பது இல்லை. ஒவ்வொரு வறட்சிக்கும் பத்தடி, பதினைந்தடி என்று கீழே போய்க்கொண்டே இருப்பது.

வெடி வருவதற்கு முன்னால் கல்லை எப்படி உடைத்தார்கள்? இரண்டு வழி. ஒன்று, பாறை மேல் தீ மூட்டிச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றுவது. இன்னொன்று, வரிசையாகச் சின்னக் குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்பு இறக்கி அடிப்பது. ஆப்பு அடித்த வரிசைத் தடங்களை மாமல்லபுரத்திலிருந்து எங்கள் ஊர்ப் பாறைக்குன்று வரை எங்கும் பார்க்கலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆப்பு கல்லை நசுக்குவதில்லை. இரண்டு பக்கமும் விலக்கி இழுக்கிறது. எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும் கல், இழுத்தால் பிளந்துவிடும் என்பது கல் தச்சர்களுக்கு மிகப் பழைய அறிவு.

எட்டுக் குழி, ஏழு சத்தம்

ஐரோப்பாவில் சுரங்கத்தில் வெடிமருந்து வைத்துப் பாறை உடைத்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் பதிவு 1627, இன்றைய ஸ்லோவாக்கியாவில். 1831-ல் வில்லியம் பிக்ஃபோர்டு பாதுகாப்புத் திரிக்குக் காப்புரிமை வாங்கினார். 1867-ல் ஆல்பிரட் நோபலின் டைனமைட். நீலகிரி மலை ரயிலின் 16 சுரங்கங்கள், பிறகு குந்தா, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டங்களின் மலைச் சுரங்கங்கள் என்று பெரிய வேலைகளிலும், சின்ன அளவில் ஒவ்வொரு தோட்டத்துக் கிணற்றிலும் வெடி புழங்கியது.

எனக்கு ஞாபகம் இருப்பது 1987 கோடை. அப்புச்சி கிணற்றை ஆழப்படுத்த ஆள் வந்தார்கள். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். படிப்பில்லை. முதலில் சம்மட்டியால் பாறையை அங்கங்கே தட்டிக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் 'ணங்' என்று மணி மாதிரி கேட்டது. இன்னோர் இடத்தில் மொத்தென்று. "மொத்துன்னு கேட்டா உள்ள கீறல் இருக்குது தம்பி" என்றார். அதன்படிதான் குழிக்கு இடம் குறித்தார்.

நடுவில் நாலு குழி, ஒன்றையொன்று பார்த்துச் சாய்வாக. சுற்றி நாலு குழி, சுவரோரமாக. தோட்டா இறக்கி, கேப்பும் திரியும் வைத்து, மேலே களிமண்ணைப் போட்டு மரக்குச்சியால் கெட்டித்தார்கள். இரும்புக் கம்பி கூடாது, பொறி வரும். நடுக்குழிகளுக்குத் திரி கட்டை, ஓரக்குழிகளுக்கு நீளம். ஏன் என்று கேட்டேன். "நடுவால மொதல்ல கல்லு எழும்பிப் போயிரணும். அப்பத்தான் ஓரத்துக் கல்லுக்குப் போறதுக்கு எடம் இருக்கும். எடமில்லாத கல்லை என்ன மருந்து போட்டாலும் ஒடைக்க முடியாது" என்றார்.

பற்றவைத்துவிட்டு எல்லோரும் மேலே ஏறிச் சோளக்காட்டுக்குள் ஓடினோம். அவர் மட்டும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு சத்தம். எட்டாவது வரவே இல்லை. அன்றைக்கு யாரையும் கிணற்றுக்குள் இறங்க விடவில்லை. அப்புச்சிக்குக் கூலி போகிறதே என்று கோபம். "கூலி வேண்டாமுங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் இப்படி வெடிக்காத தோட்டா இருந்த குழியிலேயே மறுபடி கம்பி இறக்கி ஒருத்தருக்குக் கண் போயிருந்தது. அது அவருடைய தம்பி என்று பிறகுதான் தெரிந்தது.

1914: கேம்பிரிட்ஜில் ஓர் இரும்புத் தண்டு

"போறதுக்கு எடம்" என்று மேஸ்திரி சொன்னதை இன்றைய பொறியாளர்கள் திறந்த முகம் என்கிறார்கள். பாறை காற்றைத் தொடும் பக்கம் அது. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை விளக்க உதவியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன். 1914-ல் அவர் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஓர் எஃகுத் தண்டைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டார். ஒரு முனையில் வெடி. மறுமுனையில் அதே தடிமனில் ஒரு சின்னத் துண்டை ஒட்டவைத்தார். வெடித்ததும் தண்டு பெரிதாக ஒன்றும் ஆகாமல் இருக்க, கடைசித் துண்டு மட்டும் பிய்த்துக்கொண்டு பறந்தது. அது எவ்வளவு வேகத்தோடு போனது என்பதிலிருந்து வெடியின் அழுத்தம் எவ்வளவு, எத்தனை நுண்ணிய நேரம் நீடித்தது என்று கணக்கிட்டார்.

கேரம் காய்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக வைத்து ஒரு முனையில் அடித்துப் பாருங்கள். நடுக்காய்கள் அசையாது, கடைசிக் காய் மட்டும் ஓடும். அழுத்தம் காய்க்குக் காய் கைமாறி, வாங்கிக்கொள்ள ஆளில்லாத முனையில் ஓட்டமாக மாறுகிறது. இப்போது அந்தக் காய்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தால்? கடைசிக் காய் ஓடப் பார்க்கும். பசை இழுத்துப் பிடிக்கும். அதாவது முனைக்குப் போன அமுக்கம், திரும்பி வரும்போது இழுவிசையாக வருகிறது.

பாறையில் நடப்பது இதுதான். வெடித்த குழியைச் சுற்றிக் கொஞ்ச தூரம் கல் நசுங்கிப் பொடியாகிறது. அதைத் தாண்டி அமுக்க அலை நொடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அலை விரிந்து பரவும்போது கல்லைச் சுற்றுவாக்கில் இழுக்கிறது. ஆரக்கால் விரிசல்கள் வருகின்றன. திறந்த முகத்தைத் தொட்டதும் அலை இழுவையாகத் திரும்பி, அந்தப் பக்கத்துக் கல்லைப் பாளம் பாளமாகக் கழற்றுகிறது. பின்னாலேயே வரும் வெடி வாயு விரிசல்களுக்குள் புகுந்து ஆப்பு மாதிரி விலக்கித் தள்ளுகிறது. அலையின் பங்கு எவ்வளவு, வாயுவின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. பழைய கருமருந்து மெதுவாக எரிவது, வாயுவின் வேலையே அதிகம். கல் பெரிய பாளமாக வரும். டைனமைட்டில் அதிர்ச்சி அலை வலுவாக இருக்கும், கல் நொறுங்கும்.

கருங்கல்லை நசுக்க 100 முதல் 250 மெகாபாஸ்கல் அழுத்தம் வேண்டும். இழுத்துப் பிளக்க அதில் சுமார் பத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ போதும். பனிக்கட்டியை எடுத்துக்கொண்டால் மைனஸ் 10 டிகிரி வாக்கில் நசுக்க 5 முதல் 25. இழுக்க 1 முதல் 3 வரை. அளவுகள் வேறு, விகிதம் அதே மாதிரி. இரண்டுமே அமுக்கினால் வீரன், இழுத்தால் கோழை. அதனால்தான் அந்தக் கணினிப் படமும் எங்கள் கிணற்றுத் தரையும் ஒன்றாக இருந்தன.

கீறல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி

ஒரே மாதிரிக் கண்ணாடிக் கம்பிகள் ஏன் வெவ்வேறு பலத்தில் உடைகின்றன என்ற கேள்விக்கு 1921-ல் வெளியான ஏ. ஏ. கிரிஃபித்தின் கட்டுரை பதில் சொன்னது. பொருளின் பலத்தை முடிவு செய்வது அதற்குள் ஏற்கெனவே இருக்கும் நுண்கீறல்கள். உடைவது என்றால் புதிதாகப் பிளவு பிறப்பது என்பதைவிட, பழைய கீறல் வளர்வது. சம்மட்டியால் தட்டிக் கேட்டவர் தேடியதும் அந்தக் கீறலைத்தான்.

இந்தக் கேள்வி நம் ஆட்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்த இடம் கோலார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய தங்கச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மை தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து போனவர்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் வெடி வைக்காமலேயே பாறை வெடித்துச் சிதறும். மேலிருக்கும் மலையின் பாரம் ஒரு நொடியில் விடுபடும். எந்தப் பாறை, எப்போது என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற ஆராய்ச்சி அங்கேதான் வளர்ந்தது. 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் கோலார் தங்கவயலில் தொடங்கப்பட்டது சும்மா நடந்ததில்லை. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. நிறுவனம் நாட்டின் அணைகள், சுரங்கப் பாதைகளுக்கு இன்றும் வேலை செய்கிறது.

கணினிக்கு உடைக்கத் தெரியாது

கணினிக் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. பொருள் தொடர்ச்சியானது என்று வைத்துக்கொண்டு எழுதியவைதான் நம் சமன்பாடுகள். உடைவது என்றால் தொடர்ச்சி போய்விடுவது. எந்த இடத்தில் நமக்கு விடை வேண்டுமோ அந்த இடத்தில்தான் சமன்பாடு கைவிடுகிறது.

முதல் சிக்கல் அலை. வெடி அலையின் முகப்பு கத்தி முனை மாதிரி. அங்கே அழுத்தம் திடீரென்று தாவும். 1950-ல் ஜான் வான் நாய்மனும் ராபர்ட் ரிக்ட்மையரும் ஒரு தந்திரம் செய்தார்கள். இல்லாத ஒரு பிசுபிசுப்பைக் கணக்கில் சேர்த்து, அந்தத் தாவலைச் சில கட்டங்களுக்குப் பரப்பிவிட்டார்கள். அணுகுண்டு ஆராய்ச்சிக் காலத்துத் தந்திரம் அது; இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1976-ல் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் எழுதிய டைனா நிரலின் வாரிசுதான், பனிக்கட்டி வெடிப்பு ஆய்வுகளில் இன்று அடிக்கடி பெயர் வரும் எல்எஸ்-டைனா.

இரண்டாவது சிக்கல் விரிசல். இந்த நிரல்களில் பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒரு கட்டத்தில் இழுவிசை எல்லை தாண்டினால் அந்தக் கட்டத்தையே அழித்துவிடுவது ஒரு வழி. விரிசல் மாதிரித் தெரியும். ஆனால் அழித்த கட்டத்தின் எடையும் மாயமாகிவிடும். விரிசலும் கட்டங்கள் போகும் வழியிலேயே போகும். கட்டத்தை மாற்றிப் போட்டால் வேறு வழியில் போகும். படத்தைப் பார்த்து மயங்கும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

வேறு பாதை போட்டவர் பீட்டர் கண்டல். 1971-ல் அவர் பாறையைத் தொடர்ச்சியான பொருளாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஏற்கெனவே உடைந்த துண்டுகளின் அடுக்கு என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டும் அடுத்ததை எப்படித் தள்ளுகிறது, உரசுகிறது என்று கணக்குப் போட்டார். களத்துமேட்டுச் சோளக் குவியலை மணி மணியாகக் கணக்குப் போடுகிற மாதிரி. மணிகளை ஒட்டவைத்தால் பாறை. ஒட்டு விட்டால் விரிசல். 2000-ல் சாண்டியா ஆய்வகத்தின் ஸ்டீவர்ட் சில்லிங் பெரிடைனமிக்ஸ் என்ற முறையை முன்வைத்தார். ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி ஒரு தூரத்துக்குள் இருக்கும் எல்லாப் புள்ளிகளோடும் கயிறு கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அளவுக்கு மேல் இழுபட்ட கயிறு அறும். அறுந்த கயிறுகளின் தடம்தான் விரிசல். அது எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பனிக்கட்டி இந்தக் கணக்கை இன்னும் சிக்கலாக்குகிறது. சீனாவின் மஞ்சள் ஆறு உள் மங்கோலியாவில் வடக்கு நோக்கி வளைகிறது. வசந்தத்தில் தெற்கே மேல்பகுதி முதலில் உருகும்; வடக்கே கீழ்ப்பகுதி இன்னும் உறைந்து கிடக்கும். மிதந்து வரும் கட்டிகள் அங்கே குவிந்து அணை மாதிரி அடைக்க, வெள்ளம் ஊருக்குள் புகும். அதனால் விமானத்திலிருந்து குண்டு போட்டும் வெடி வைத்தும் உடைக்கிறார்கள். எவ்வளவு மருந்து, பனிக்கு எத்தனை அடி கீழே என்பது அங்கே நிஜமான கேள்வி. பனிக்கட்டி மெதுவாக அழுத்தினால் மெழுகு மாதிரி நகரும்; பனியாறுகள் ஓடுவது அப்படித்தான். வேகமாக அடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். குளிர் கூடினால் பலம் கூடும். அடியில் தண்ணீர், மேலே காற்று. அதாவது மேல்பக்கம் எப்போதும் திறந்த முகம். தண்ணீருக்குள் வெடித்தால் முதலில் அலை வந்து கீறிவிடும்; பிறகு வாயுக் குமிழி ஊதிப் பெருகி, கீறின தகட்டை வளைத்துத் தூக்கி உடைக்கும். எங்கள் கிணற்றில் நடந்த அதே இரண்டு வேலை, வேறு வேடத்தில்.

சுவர் விரிசல்

இது வெறும் கணினி வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். இன்றைக்குக் கிணத்துக்கடவு, பல்லடம், கரூர்ப் பக்கம் கல்குவாரிக்கு அருகில் குடியிருப்பவர்களிடம் பேசினால் முதல் பேச்சே சுவர் விரிசல்தான். அதிர்வைக் கணிக்க நடைமுறையில் பயன்படுவது ஓர் எளிய சூத்திரம்: தூரத்தை, ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்து எடையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. அதில் இரண்டு மாறிலிகள் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சோதனை வெடி வைத்து அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். வேறு ஊர்ப் பாறையின் எண்ணைக் கொண்டுவந்து போட்டால் பலனில்லை. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-ல் வகுத்த வரம்புப்படி, சாதாரண வீடுகள் இருக்கும் இடத்தில், அலைவெண்ணைப் பொறுத்து, அதிர்வு நொடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குவாரி இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த மென்பொருளில் போட்டீங்க?" என்பது அல்ல. "எங்க ஊருப் பாறையில, எங்க வீட்டு வாசல்ல அளந்தீங்களா?" என்பதுதான்.

ஏனென்றால் எவ்வளவு பெரிய மாதிரியாக இருந்தாலும், பாறையின் பழைய கீறல் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை யாராவது போய்ப் பார்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். மேஸ்திரிகள் சம்மட்டிச் சத்தத்தில் தெரிந்து வைத்திருந்தது அதைத்தான். ஆயிரக்கணக்கான கிணறுகளின் பாறை விவரம் அவர்கள் தலைக்குள் இருந்தது. யாரும் எழுதிவைக்கவில்லை. பிறகு கம்ப்ரசரும் ஜாக்ஹாமரும் வந்தன. அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். போர் போடுவதற்குக் கல்லைத் தட்டிக் கேட்க வேண்டியதில்லை. கிணறு வெட்டுவது குறைந்தது. அந்த அறிவும் ஆளோடு போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் அப்புச்சி கிணறு இப்போது வற்றிக் கிடக்கிறது. போன வாரம் போய் எட்டிப் பார்த்தேன். உள்சுவரில் செங்குத்தாக, பாதி குழாயை ஒட்டிவைத்த மாதிரி வரிசையாகத் தடங்கள். ஓரக்குழிகளில் பாதி கல்லோடு போக, மீதிப் பாதி சுவரில் நிற்கிறது. இன்றைய பொறியாளர்கள் இந்த அரைக்குழாய்த் தடம் எவ்வளவு நீளத்துக்கு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து, வெடி எவ்வளவு நேர்த்தியாக வைக்கப்பட்டது, பின்பாறை எவ்வளவு கெடாமல் தப்பியது என்று மதிப்பிடுகிறார்கள். அதிகம் மிஞ்சியிருந்தால் நல்ல வேலை.

1987-ல் வெட்டிய அந்தப் பத்தடியில் எண்ணிப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாத் தடமும் முழுசாக இருக்கிறது. உங்கள் தோட்டத்திலும் பழைய கிணறு இருந்தால், மூடிவிடுவதற்கு முன்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். முடிந்தால் படம் எடுத்து, எந்த ஊர், எத்தனை அடி, எந்த வருசம் வெட்டியது என்று எழுதி வையுங்கள்.